ஊருக்குப் போகிற வரைக்கும்

டில்லித் தமிழர் வீடுகளில் காப்பிக்கு அடுத்தபடியாகத் தவறாமல் கிடைப்பது ஒரு வாக்கியம். "என்ன சார் இருக்கு இங்கே? ரிடயர் ஆனதும் ஊரோடு போய்விட வேண்டியதுதான்." சொல்கிறவர் ஐம்பத்தெட்டு வயதுக்காரராக இருந்தால் நியாயம். முதல் குழந்தையை நர்சரியில் சேர்க்க ஃபாரம் வாங்கி அலைந்துகொண்டிருக்கும் முப்பத்திரண்டு வயதுக்காரரும் இதையேதான் சொல்கிறார். அவருக்கு ரிடயர் ஆக இன்னும் இருபத்தெட்டு வருஷம் இருக்கிறது. அதற்குள் அந்த நர்சரிக் குழந்தைக்கே கல்யாணம் ஆகிவிடும்.

இந்த வாக்கியத்தைப் பற்றித்தான் நான் எழுத வந்தேன். ஊர் நினைப்பே கூடாது என்று சொல்ல எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை, விருப்பமும் இல்லை. ஊரை நினைப்பது வேறு. ஊருக்குப் போகிற வரைக்கும் வாழ்க்கையை ஒத்திப்போடுவது வேறு. முதலாவது மனுஷ சுபாவம். இரண்டாவது நஷ்டம். அந்த நஷ்டத்தில் பெரும் பங்கை அனுபவிப்பவர்கள் நம் வீட்டுப் பெண்களும் குழந்தைகளும் என்பதுதான் என் வாதம்.

ஏக்கத்தை யாரும் லேசாகப் பேச வேண்டாம். 1688-ஆம் வருஷம் யோஹான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், சொந்த நாட்டைவிட்டு வெளியே போன ஸ்விஸ்காரர்கள் ஊர் நினைப்பிலேயே உருகி நோய்ப்படுவதைப் பற்றி ஓர் ஆய்வேடு எழுதினார். 'நோஸ்டால்ஜியா' என்ற சொல்லை அவர்தான் உண்டாக்கினார். அப்போது அது கவிஞர்களின் சொல் அல்ல. ஒரு வியாதியின் பெயர். வைத்தியம் என்ன? நோயாளியை ஊருக்கு அனுப்பிவிடுவது!

நமக்கும் அந்த வியாதி உண்டு. மார்கழியில் இங்கே பனிமூட்டத்தில் எதிர் வீடு தெரியாது. கோலம் போட வாசலும் கிடையாது. சென்னைக்கு ரயில் பாதையில் சுமார் 2,180 கிலோமீட்டர். வேகமான வண்டியில் போனாலும் ஒரு நாளுக்கு மேல் ஆகும். அதனால்தான் ஊரில் ஒரு சாவு என்றால் நம்மில் பலரும் காரியத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தோம். முகம் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. 2013-இல் தந்தி சேவையையே நிறுத்திவிட்டார்கள். ஆனால் தந்திச் சேவகனின் சைக்கிள் மணி கேட்டதும் வயிற்றைப் பிசைந்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. இதையெல்லாம் பட்டவர்களிடம் போய், "ஊரை மறந்துவிட்டு இங்கேயே சந்தோஷமாக இருங்கள்" என்று சொன்னால் அடிக்க வருவார்கள். வர வேண்டியதும்தான்.

ஆனால் இதைவிடப் பெரிய தூரத்தில் இருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். தலைநகரம் கல்கத்தாவிலிருந்து டில்லிக்கு மாறும் என்று அறிவித்தது 1911-இல். கோடையில் சிம்லா, குளிர்காலத்தில் டில்லி என்று சர்க்கார் ஆபீஸ் மூட்டை கட்டிக்கொண்டு அலைந்த காலம் அது. சென்னை ராஜதானியிலிருந்து வந்த குமாஸ்தாக்களும் சுருக்கெழுத்தாளர்களும் ஆபீஸோடு சேர்ந்து அலைந்தார்கள். அவர்களைவிடத் தற்காலிகமாக யாரும் வாழ்ந்திருக்க முடியாது. ஆனால் அந்தக் காலத்தில்தான், 1923-இல், மெட்ராசி எஜுகேஷன் அசோசியேஷன் தொடங்கப்பட்டது. இன்று டில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளாக நிற்பது அதுதான். 1946-இல் டில்லித் தமிழ்ச் சங்கம் பிறந்தது. 1973-இல் ராமகிருஷ்ணபுரத்துக் குன்றின்மேல் சுவாமிநாத சுவாமி கோயிலுக்குக் கும்பாபிஷேகம் ஆனது. மலை மந்திர் என்று பஞ்சாபிக்காரர்களும் கையெடுத்துக் கும்பிடும் கோயில் அது.

நாளைக்குக் கிளம்புகிறவன் பள்ளிக்கூடம் கட்டமாட்டான். அவர்களுக்கும் ஊர் ஏக்கம் இருந்தது. நம்மைவிட அதிகமாகவே இருந்திருக்கும். அந்த ஏக்கத்தை அவர்கள் செங்கல்லாகவும் சுண்ணாம்பாகவும் மாற்றினார்கள். நாம் அதைப் பெருமூச்சாக மாற்றிக்கொண்டிருக்கிறோம். வித்தியாசம் இவ்வளவுதான்.

ஒத்திப்போட்ட வாழ்க்கை எப்படி இருக்கும்? நாம் எல்லாருமே பார்த்திருக்கிறோம். நல்ல கட்டில் வாங்கமாட்டார்கள். "ஊருக்குக் கொண்டுபோவது கஷ்டம்". வாக்காளர் பட்டியலில் பெயர் ஊரிலேயே இருக்கும். அங்கே போய் ஓட்டுப் போட்டதாகவும் சரித்திரம் இருக்காது, இங்கே வார்டு கவுன்சிலர் யார் என்றும் தெரியாது. இருபது வருஷம் ஆன பிறகும் ஹிந்தி, காய்கறிக் கடையைத் தாண்டியிருக்காது. 'கித்னா', 'பஹுத் ஜ்யாதா' இரண்டோடு சரி. ஆபீஸுக்குப் போகிற ஆண்களுக்காவது பேச நாலு பேர் உண்டு. வீட்டிலேயே இருக்கிற மாமிக்கு? "எதற்கு ஹிந்தி கற்றுக்கொண்டு, நாம்தான் போய்விடப் போகிறோமே" என்று யாரோ சொன்னதை நம்பி, உடம்பு சரியில்லை என்று டாக்டரிடம் தானாகப் போய்ச் சொல்ல முடியாமல், ஆபீஸ் விட்டுக் கணவன் வருகிற வரை காத்திருக்கிறார். கணவன் காலமான பிறகு, பாங்கியில் ஒரு படிவம் நிரப்பக்கூடப் பக்கத்து வீட்டுப் பையனைத் தேடும் அம்மாள்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் அசடுகள் அல்லர். 'தற்காலிகம்' என்ற ஒரு சொல் அவர்களுடைய முப்பது வருஷத்தைச் சாப்பிட்டுவிட்டது.

குழந்தைகள் விஷயம் இதைவிட மோசம். ஒரு குழந்தை பிறந்த நாள் முதல், "இங்கே என்ன இருக்கு? தண்ணி சரியில்லை, வெயில் சரியில்லை, ஜனங்கள் சரியில்லை" என்றே கேட்டு வளர்கிறது. அதற்குத் தெரிந்த தண்ணீரும் வெயிலும் ஜனங்களும் இவைதான். அப்பாவின் ஊர் அதற்கு வருஷத்துக்கு இருபது நாள் கோடை விடுமுறை. அங்கே போனால், "டில்லிக்காரப் பையன், தமிழைக் கடித்துத் துப்புகிறான்" என்று அத்தைகள் சிரிக்கிறார்கள். இங்கே பள்ளிக்கூடத்தில் 'மதராசி'. ஆக, அங்கே டில்லிக்காரன், இங்கே மதராசி. சொந்தமென்று சொல்லிக்கொள்ள ஓர் ஊராவது அந்தக் குழந்தைக்கு வேண்டாமா? அதை நாம்தான் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் இருப்பதோடு, இருக்கிற ஒன்றையும் தினம் தினம் குறை சொல்லிப் பிடுங்கிக்கொள்கிறோம்.

இதில் டெலிபோனுக்கும் ஒரு பங்கு உண்டு. தொண்ணூறுகளில் எஸ்.டி.டி. கட்டணம் இரவில்தான் குறையும். கால் கட்டண நேரத்துக்காக, குளிரில் ஸ்வெட்டரும் மப்ளருமாகப் பூத்தில் வரிசை நிற்போம். மூன்று நிமிஷம் பேச்சு, அதிலும் கண் முழுக்க மீட்டர்மேல். அப்புறம் அடுத்த ஞாயிறு வரை ஊர்ச் சேதி கிடையாது. மற்ற நாளெல்லாம் இங்கே இருந்துதான் தீர வேண்டும். 1993-இல் சன் டி.வி. வந்தது. இன்று கையில் இருக்கிற போனில் ஊர்க் கோயில் கும்பாபிஷேகம் நேராகத் தெரிகிறது. பெரியப்பா வீட்டில் காலையில் என்ன டிபன் என்பது படத்தோடு வருகிறது. நல்ல விஷயம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் ஏக்கம் குறைந்ததா? எனக்கென்னவோ, முன்பு வாரத்துக்கு மூன்று நிமிஷம் ஊரில் இருந்தவர்கள் இப்போது நாள் முழுவதும் அங்கேயே இருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. ஊரில் யார் வீட்டு மாடு கன்று போட்டது என்பது தெரியும். எதிர் ஃப்ளாட்டில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது ஏன் என்பது தெரியாது.

சரி, ஹோஃபர் சொன்ன வைத்தியத்தையே செய்துகொண்டால் என்ன? செய்துகொண்டவர்கள் இருக்கிறார்கள். பென்ஷனோடு ஊர் திரும்பிய என் நண்பர்கள் சிலர் அங்கே நிம்மதியாகவே இருக்கிறார்கள். அவர்கள் நன்றாக இருக்கட்டும். வேறு சிலர் போன் செய்கிறார்கள். "அந்தச் சிவப்புக் காரட் வந்துவிட்டதா? பச்சைப் பட்டாணி என்ன விலை?" என்று ஆரம்பிக்கிறார்கள். பத்து நிமிஷத்தில் குரல் இறங்குகிறது. பேசப் பழைய சிநேகிதர்கள் இல்லை. இருந்தவர்கள் மகனோடு பெங்களூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். குளித்த ஆற்றில் தண்ணீர் இல்லை. வீட்டுத் திண்ணையை இடித்துக் கார் நிறுத்த இடம் செய்துவிட்டார்கள். "இங்கே எல்லாரும் என்னை டில்லி மாமா என்கிறார்கள்" என்று ஒருவர் சொன்னார். நாற்பது வருஷம் டில்லியில் அவரை யாரும் டில்லிக்காரர் என்று சொன்னதில்லை. அந்தப் பட்டம் வாங்க அவர் கும்பகோணம் போக வேண்டியிருந்தது!

இதிலிருந்து எனக்குப் படுவது இதுதான். நாம் ஏங்குவது முக்கால்வாசி ஊருக்காக அல்ல. அம்மா உயிரோடு இருந்த, முழங்கால் வலிக்காத, யாரோ சமைத்துப் போட்ட ஒரு காலத்துக்காக. அந்தக் காலத்துக்கு ரிசர்வேஷன் கிடையாது. 1929-இல் ஓட ஆரம்பித்த ஜி.டி.யும் போகாது, 1976-இல் வந்த தமிழ்நாடு எக்ஸ்பிரஸும் போகாது. ஆனால் இன்னொன்று நிச்சயம். இன்று நாம் சலித்துக்கொண்டே கழிக்கிற இந்த நாட்களுக்காகவும் ஒரு நாள் இதே மாதிரி ஏங்குவோம். அந்தச் சிவப்புக் காரட்காரரைக் கேட்டுப் பாருங்கள். பின்னால் ஏங்கப் போவதை இப்போதே கொஞ்சம் கண் திறந்து பார்த்துவைத்தால் என்ன குறைந்துவிடும்?

பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்கிறீர்களா? மரங்களிலிருந்து ஆரம்பிக்கலாம். அக்பர் ரோடு முழுவதும் இரண்டு பக்கமும் நிற்பது நம் புளியமரம். ஜன்பத்தில் நிற்பது மருதம். ஒரு திணைக்கே பெயர் கொடுத்த மரம். 2015 வரை ஔரங்கசீப் ரோடாக இருந்து, ராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாமின் பெயரைப் பெற்ற சாலையில் வேம்பு. துக்ளக் ரோடு, அசோகா ரோடு பக்கம் நாவல். ஜூன் கடைசியில் முதல் மழை விழுந்ததும் தரையெல்லாம் ஊதாவாகிவிடும். உப்புத் தூவிக் காகிதத்தில் சுற்றி விற்பார்கள். ஔவையாரிடம் சுட்ட பழமா சுடாத பழமா என்று கேட்ட அதே பழத்தை, ஆட்டோவில் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போய்விட்டு, ஊரில் பள்ளிக்கூட வாசலில் நாவல்பழம் தின்ற கதையைச் சங்கத்தில் சொல்லிக் கண்கலங்குகிறோம்.

மே மாத வெயிலில் எல்லாம் வாடும்போது சரக்கொன்றை தெருவெல்லாம் தங்கமாகத் தொங்குகிறது. இங்கே அதற்கு அமல்தாஸ் என்று பெயர். செப்டம்பர், அக்டோபர் விடியற்காலையில் பார்க்கில் நடந்தால் காலடியில் பவழமல்லி; இங்கே அது ஹர்சிங்கார். தசரா சமயத்தில் சாயங்காலம் தெருவில் இறங்கினால் தலையைக் கிறுகிறுக்க வைக்கும் ஒரு வாசனை வரும், அது ஏழிலைப்பாலை. பிப்ரவரியில் இலையே இல்லாமல் சிவப்பாகப் பூத்து நிற்கும் சேமல், நம் இலவ மரம். இலவு காத்த கிளி என்ற பழமொழியை எத்தனை முறை சொல்லியிருப்போம்! பழுக்கும் பழுக்கும் என்று காத்திருந்து, கடைசியில் பஞ்சு பறப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்தக் கிளி உட்கார்ந்த மரத்தின் கீழே நின்றுகொண்டுதான், "ரிடயர் ஆனதும்…" என்று நாமும் ஆரம்பிக்கிறோம்.

காய்கறியைச் சொல்லவே வேண்டாம். குளிர்காலத்து முள்ளங்கியும், வெந்தயக்கீரையும், உரிக்க உரிக்க இனிக்கும் பட்டாணியும் கொடுக்கிற சுகம் தனி. தெருமுனையில் சுட்டுத் தரும் சர்க்கரைவள்ளிக் கிழங்கில் எலுமிச்சம்பழம் பிழிந்து மசாலா தூவிச் சாப்பிட்டவர்கள் மறக்கமாட்டார்கள். ஜனவரி 13-ஆம் தேதி ராத்திரி பஞ்சாபிக்காரர்கள் லோஹ்ரி கொளுத்துகிறார்கள். பக்கத்திலேயே நமக்குப் போகி. அவர்கள் நெருப்பில் எள்ளும் கடலையும் போடுகிறார்கள். நாம் பழைய பாயைப் போடுகிறோம். குளிரில் ஒரே நெருப்பைச் சுற்றி இரண்டு கூட்டமும் உட்காரலாம். சில காலனிகளில் உட்காருகிறார்கள். பல காலனிகளில் நாம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, ஊரில் போகி எப்படி இருக்கும் என்று டி.வி.யில் பார்க்கிறோம்.

மனிதர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2020 மார்ச்சில் பயணிகள் ரயில் எல்லாம் நின்றுபோனபோது, நமக்கும் ஊருக்கும் நடுவே இருந்த 2,180 கிலோமீட்டர் நிஜமாகவே 2,180 கிலோமீட்டர் ஆனது. 2021 ஏப்ரலில் இந்த நகரம் மூச்சுக் காற்றுக்குத் தவித்தபோது, குருத்வாராக்களில் வாசலிலேயே ஆக்சிஜன் கொடுத்தார்கள். 'லங்கர்' என்றால் சோறு என்றுதான் அதுவரை நினைத்திருந்தோம். எந்த ஊர், என்ன பாஷை என்று யாரையும் கேட்கவில்லை. நம்மில் எத்தனை வீடுகளுக்கு அந்த நாட்களில் மாடிப்படிக் கைப்பிடியில் சாப்பாட்டுப் பையை மாட்டிவிட்டுப் போனவர் ஒரு சர்தார்ஜியோ ஒரு பிஹாரிப் பையனோ! அவர்களுடைய முழுப் பெயர் நமக்குத் தெரியுமா? ஆபத்துக்கு உதவினவனின் பெயரைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பது தமிழ்ப் பண்பாடு ஆகாது.

உடனே சிலர் கேட்பார்கள்: "நவம்பரில் மூச்சு விட முடியவில்லை, நீர் சரக்கொன்றை என்கிறீரே?" நியாயமான கேள்வி. இந்த நகரத்தின் காற்று நஞ்சாகிவிட்டது. மே, ஜூனில் 'லூ' அடிக்கும்போது வெளியே தலைகாட்ட முடியாது. இரவு நேரத்தில் பெண் பிள்ளையைத் தனியாக அனுப்ப மனசு வருவதில்லை. இதையெல்லாம் மூடி மறைக்கச் சொல்லவில்லை. ஆனால் குறை சொல்வதிலும் இரண்டு விதம் உண்டு. வாடகைக்கு இருப்பவன் ஒழுகுகிற கூரையைத் திட்டிவிட்டுப் போய்விடுவான்; வீட்டுக்காரன் திட்டிக்கொண்டே ஏணியை எடுப்பான். சரோஜினி நகர், நேதாஜி நகர் குவார்ட்டர்ஸ்களை இடித்துக் கட்டுவதற்காக ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டப் போகிறார்கள் என்று தெரிந்தபோது, 2018 ஜூனில் மக்கள் அந்த மரங்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். நீதிமன்றம் தலையிட்டு வெட்டுவதை நிறுத்திவைத்தது. அந்தக் குவார்ட்டர்ஸ்களில் தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் குடியிருந்திருக்கிறார்கள். மரங்களுக்காக நின்ற கூட்டத்தில் நம் குரலும் ஓங்கிக் கேட்டிருக்க வேண்டாமா?

அந்தக் குவார்ட்டர்ஸ்களைப் பற்றி இன்னொன்று. இரண்டு ரூம், ஒரு முற்றம், முற்றத்தில் ஒரு கறிவேப்பிலைச் செடி. "சர்க்கார் வீடுதானே, நமக்கென்ன" என்று பெரியவர்கள் சுவரில் ஓர் ஆணிகூட அடிக்க யோசித்தார்கள். அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் இன்று நாற்பது, ஐம்பது வயதில், அந்த இடம் இருந்த சுவடே தெரியாமல் அடுக்குமாடிக் கட்டடங்கள் எழுவதைப் பார்த்துத் தொண்டை அடைத்து நிற்கிறார்கள். பெற்றவர்களுக்கு அது தங்கும் சத்திரம். பிள்ளைகளுக்கு அதுதான் ஊர். அந்த ஊருக்குத் திரும்பிப் போக எந்த ரயிலும் இல்லை.

ஊர் ஏக்கத்தைப் பற்றிப் பேசும்போது இன்னொரு கூட்டத்தை மறந்தால் பாவம். ஜங்புரா அருகே, பாராபுலா நாலாவின் கரையில் மதராசி கேம்ப் என்று ஒரு குடியிருப்பு இருந்தது. பல பத்தாண்டுகளுக்கு முன் பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்கள். நம்மில் பலர் வீட்டில் பாத்திரம் தேய்த்தவர்களும் சமையல் செய்தவர்களும் அங்கேயிருந்துதான் வந்தார்கள். நீதிமன்ற உத்தரவின் பேரில் 2025 ஜூன் 1-ஆம் தேதி அதை இடித்தார்கள். சுமார் 370 குடிசைகள். பாதிக்குச் சற்றே கூடுதலான குடும்பங்களுக்குத்தான் மாற்று வீடு பெறத் தகுதி உண்டு என்றார்கள். அந்த வீடுகளும் நகரத்தின் வடக்கு ஓரத்தில், நரேலாவில். ஊர் திரும்ப விரும்புகிறவர்களுக்கு உதவுவதாகத் தமிழக அரசு அறிவித்தது; நல்ல மனசுதான். ஆனால் அந்த ஜனங்கள் முக்கியமாகக் கேட்டது ஊருக்கு டிக்கெட் அல்ல. வேலை செய்கிற வீடுகளும், பிள்ளைகள் படிக்கிற தமிழ்ப் பள்ளியும் பக்கத்தில் இருக்கிற மாதிரி ஓர் இடம் கேட்டார்கள். அவர்களுக்கு டில்லிதான் ஊராகியிருந்தது. நாம் மூன்றாவது மாடி பால்கனியில் உட்கார்ந்து, "இது நம்ம ஊரா?" என்று கேட்டுக்கொண்டிருந்தபோது, அவர்கள் நாலாக் கரையில் பிள்ளையார் வைத்து அதைத் தங்கள் ஊராக்கியிருந்தார்கள். அது பறிபோனபோது அவர்களுக்கு வந்த ஏக்கத்துக்கு முன்னால் நம் ஏக்கம் எம்மாத்திரம்?

முதியவர்கள் விஷயம் தனி. அறுபத்தைந்து வயதுவரை தஞ்சாவூரிலோ திருநெல்வேலியிலோ இருந்துவிட்டு, துணை போன பிறகு மகனோடு டில்லி வந்து சேரும் அப்பா அம்மாக்களைப் பார்த்து, "இங்கே பழகிக்கொள்ளுங்கள்" என்று உபதேசிக்க முடியாது. பேச ஆள் இல்லாத மூன்றாவது மாடி, ஜனவரி குளிர், பாஷை தெரியாத டாக்டர். அவர்கள் ஏக்கத்தில் ஒரு துளியும் பொய் இல்லை. அவர்களுக்கு வேண்டியது புத்திமதி அல்ல, துணை.

இதையெல்லாம் சொல்லிவிட்டுச் சும்மா இருந்தால் நானும் பெருமூச்சு விட்டவன் ஆவேன். ஆகவே நம் சங்கத்துக்கு நாலு யோசனைகள்.

ஒன்று: குழந்தைகளுக்கு ஞாயிறு தமிழ் வகுப்பு நடத்துகிற அதே அறையில், பெரியவர்களுக்குப் பேச்சு ஹிந்தி வகுப்பு நடத்தலாம். இலக்கணம் வேண்டாம். ஆஸ்பத்திரி, பாங்கி, போலீஸ் ஸ்டேஷன், பக்கத்து வீடு: இந்த நாலு இடத்தில் தைரியமாகப் பேச வந்தால் போதும். தமிழ் அழிந்துவிடும் என்று யாரும் பயப்பட வேண்டாம். வாயே திறக்காமல் எந்தத் தமிழும் பிழைத்ததில்லை.

இரண்டு: புதிதாக வந்து சேர்ந்த முதியவர்களுக்காக வாரம் ஒரு மத்தியானம். சீட்டோ, தாயமோ, பத்திரிகையோ, வெறும் அரட்டையோ. ஆஸ்பத்திரிக்குக் கூடப் போய் மொழிபெயர்க்க நம் கல்லூரிப் பிள்ளைகளில் பத்துப் பேர் முன்வந்தால் அது எந்த ஆண்டு விழாவைவிடவும் பெரிய காரியம்.

மூன்று: பொங்கல் விழாவுக்கு உறுப்பினர் ஒவ்வொருவரும் தமிழர் அல்லாத ஒரு குடும்பத்தை அழைத்து வர வேண்டும் என்று விதி செய்யலாம். கணியன் பூங்குன்றனார் பாட்டை மேடையில் முழங்கிவிட்டு, கீழே நாலு தமிழர்களே ஒருவரையொருவர் பார்த்துக் கைதட்டிக்கொள்வது அந்தப் புலவருக்கே சம்மதமாக இராது.

நாலு: நரேலாவுக்குப் போன குடும்பங்களை நம் சங்கத்துக்காரர்கள் மாதம் ஒருமுறையாவது போய்ப் பார்க்க வேண்டும். அங்கே உள்ள பிள்ளைகளுக்கு ஒரு தமிழ் ஆசிரியரை ஏற்பாடு செய்ய முடியுமானால் செய்ய வேண்டும். 1923-இல் நாற்பது, ஐம்பது ரூபாய்ச் சம்பளக்காரர்களும் சேர்ந்து செய்த காரியத்தை இன்று நாம் செய்ய முடியாது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

இந்திரா பார்த்தசாரதியும் ஆதவனும் இந்த டில்லியைத் தமிழ்க் கதைக்குள் கொண்டுவந்தார்கள். அவர்கள் எழுதிய டில்லி அழகாகவே இருக்கிறது என்று சொல்ல முடியாது. ஆபீஸ் அரசியலும் போலித்தனமும் அதில் நிறைய உண்டு. ஆனாலும் இங்கே நடக்கிற வாழ்க்கை எழுதத் தகுந்த வாழ்க்கை என்று அவர்கள் நினைத்தார்கள். எழுதத் தகுந்தது வாழவும் தகுந்ததுதான்.

ஊருக்குப் போகிறவர்கள் தாராளமாகப் போகட்டும். வருஷா வருஷம் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கட்டும், மாவடுவும் அப்பளமும் மூட்டை கட்டிக்கொண்டு வரட்டும். எனக்கும் ஒரு பொட்டலம் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் போகிற வரைக்கும் இங்கே இருங்கள். நிஜமாகவே இருங்கள். நல்ல கட்டிலாக ஒன்று வாங்கிப் போடுங்கள். வாக்காளர் பட்டியலில் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள். மாடியில் ஒரு தொட்டியில் கறிவேப்பிலை வையுங்கள்; அது வளர்ந்தால் எதிர் வீட்டு ஆன்ட்டிக்கும் நாலு ஆர்க்குப் பறித்துக் கொடுங்கள். அவர் பெயரையும் அப்போது கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.